கண்வலிப் பூவும் கீமோ பாட்டிலும்

மார்பகப் புற்றுநோய்க்கு இயற்கை மருந்து உண்டா? கொங்கு மண்ணின் தோட்டங்களிலிருந்து ஒரு தேடல்

கார்த்திகை மாதக் காலையில் தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். கம்பிப் பந்தலைப் பிடித்து ஏறிய கொடிகளில், அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகப் பூக்கள் எரிந்துகொண்டிருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் பெண்கள் வரிசை பிடித்துப் பூப் பூவாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் ஒற்றுவார்கள். கண்வலிப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து விலகி நிற்பதால் மகரந்தம் தானாக வந்து சேர்வது குறைவு. ஆள் கை பட்டால்தான் காய் நிறையப் பிடிக்கும். தை, மாசியில் காயைப் பறித்து உலர்த்தி விதை எடுத்தால், கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் விலை பேசுவார்கள்.

நம் மாநில மலரான செங்காந்தள்தான் இந்தக் கண்வலி. இதன் விதையில் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டுவலிக்கு உலகம் முழுவதும் அது மருந்து. அதே செடியின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்றவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அந்தச் சாவுக்கும் காரணம் அதே கோல்ச்சிசின்தான்.

ஒரே செடி. ஒரே பொருள். அளவு மாறினால் பலனும் மாறிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு இயற்கை மருந்து உண்டா என்று கேட்டுக் கோவையிலும் ஈரோட்டிலும் எத்தனையோ குடும்பங்கள் அலைகின்றன. அவர்களுக்கான பதிலை இந்தக் கண்வலித் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

"வலி இல்லீங்க, அதான் பாக்கல"

மார்பில் கட்டி வந்து, பல மாதம் கழித்து மருத்துவமனைக்கு வரும் பெண்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பார்கள். வலிக்காததால் மஞ்சள் அறுவடை முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், மில்லில் லீவு கிடைக்கட்டும் என்று நாள் தள்ளிப் போகிறது.

அடுத்தது பயம். 'ஊசி வெச்சு சதை எடுத்தா பரவிடுமாமா' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 'கீமோ குடுத்தா ஆளே உருக்கொலஞ்சு போயிரும், கரண்டு வெச்சா வெந்துரும்' என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் பெயர். இந்தப் பயத்தின் நடுவில் ஒருவர் கையில் பொடிப் பொட்டலத்தோடு வந்து, 'இது இயற்கைங்க, பக்க விளைவே இல்லீங்க' என்று சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தேடுவது நம்பிக்கையை.

பிறகு மருத்துவர் அறையில் நடக்கும் உரையாடலும் பழகியதுதான்.

"வேற ஏதாச்சும் மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?"

"இல்லீங் டாக்டர்."

கைப்பையில் மடித்த காகிதத்துக்குள் பொடி இருக்கும். சொன்னால் திட்டுவார் என்ற அச்சம். கேட்கிற மருத்துவருக்கும் அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்ற அவசரம். இந்த ஒரு 'இல்லீங்'கில்தான் பல சிகிச்சைகள் தடம் புரள்கின்றன.

உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 98,000 பேர் வரை இந்த நோயால் இறந்தார்கள். இத்தனை பேர் இறப்பதற்குப் பெரிய காரணம் தாமதம். முதல் கட்டத்திலேயே வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகி வீடு திரும்புகிறார்கள்.

பஞ்சாலைக் கதிரும் செல்லுக்குள் கதிரும்

'கீமோ என்பது கெமிக்கல், பச்சிலை என்பது இயற்கை' என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. இதை முதலில் சரிபார்த்துவிடலாம். கோவைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஒரு மில் எவ்வளவு பெரியது என்பதை எத்தனை கதிர் ஓடுகிறது என்றுதான் நாம் சொல்வோம். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போதும் உள்ளே ஒரு கதிர் உருவாகிறது. இரு முனைகளிலிருந்தும் நுண்ணிய இழைகள் நீண்டு, குரோமோசோம்களைப் பற்றி, ஆளுக்குப் பாதியாக இழுத்துப் பிரிக்கின்றன. பள்ளிப் பாடத்தில் கதிர் இழைகள் என்று படித்தது இதைத்தான். இழை கெட்டால் செல் பிரியாது. பிரிய முடியாத செல் மடிந்துவிடும். புற்றுநோய்ச் செல்லின் தொழிலே ஓயாமல் பிரிவது. அதனால் அடி அதற்கு அதிகம் விழும்.

கண்வலி விதையின் கோல்ச்சிசின் இந்த இழையை உருவாகவே விடாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் 1967-ல், கோல்ச்சிசின் செல்லுக்குள் எங்கே போய் ஒட்டுகிறது என்று பின்தொடர்ந்துபோய்த்தான் இழையின் அடிப்படைப் புரதமான ட்யூபுலினைக் கண்டார்கள். ஆனாலும் கோல்ச்சிசின் புற்றுநோய் மருந்தாகவில்லை. கட்டியை அழிக்கத் தேவைப்படும் அளவு ஆளையே கொன்றுவிடும்.

அடுத்து நித்யகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி, வேலியோரம் விட்டுவைத்திருக்கும் அதே செடி. ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்தார்கள். 1952-ல் அங்கிருந்து ஓர் உறையில் வைத்து அனுப்பிய 25 இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆய்வாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்து அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். நித்யகல்யாணியின் வேதிப்பொருள்களிலிருந்து பின்னாளில் பிரான்சில் உருவான வினோரெல்பின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு பிடி இலையை அரைத்துக் குடித்தால் மருந்தின் அளவு வந்து சேராது. செடியில் உள்ள மற்ற நச்சுப் பொருள்கள்தான் வந்து சேரும்.

மூன்றாவது யூ மரம். 1962-ல் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் இதன் பட்டையை வெட்டியெடுத்தார். அதிலிருந்த பொருளைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும். வானி மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்தவர். 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தார். கோல்ச்சிசின் இழையைக் கட்டவிடாது. இதுவோ கட்டிய இழையைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. அதுதான் பாக்லிடாக்சல். மார்பகப் புற்றுநோய்க்கு 1994-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பட்டை வெட்டிய காட்டிலிருந்து அனுமதி வரை 32 ஆண்டுகள்.

கீமோ வார்டில் பெண்கள் மிகவும் பயப்படும் 'சிவப்பு மருந்து' டாக்சோரூபிசின். செம்பருத்தித் தேநீர் நிறத்தில் குழாய் வழியாக இறங்கும். இத்தாலியில் ஒரு பழைய கோட்டையருகே அள்ளிய மண்ணில் இருந்த நுண்ணுயிரியின் வழியில் பிறந்தது அது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதற்கு ஏட்ரியாமைசின் என்று பெயர் வைத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மூன்று மருந்துத் தொகுப்பில் ஒன்று மண்ணிலிருந்தும், ஒன்று மரப்பட்டையிலிருந்தும் வந்தவை. மூன்றாவதான சைக்ளோபாஸ்பமைடு மட்டுமே ஆய்வகத்தில் பிறந்தது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இதில் பங்குண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வேதியியலாளர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி 1972-ல், இந்த மலைகளில் வளரும் ஒரு சிறு மரத்தில் கேம்டோதெசின் இருப்பதைத் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து எழுதினார். சீன மரம் ஒன்றில் வாலும் வானியும் முன்பே கண்டிருந்த பொருள் அது. மார்பகப் புற்றுநோய்க்கு அண்மையில் வந்த ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகன், சாசிட்டுசுமாப் கோவிடிகன் ஆகிய இரண்டு மருந்துகளும் கேம்டோதெசினின் வழித்தோன்றல்களைத்தான் கட்டிக்குள் கொண்டுபோய் இறக்குகின்றன.

ஆக, இயற்கை மருந்து மருத்துவமனைக்கு வெளியில்தான் கிடைக்கும் என்பது தவறு. அது அளக்கப்பட்டு, சுத்தப்படுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதிக்கப்பட்டு, அந்தப் பாட்டிலுக்குள்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஈரோட்டு மஞ்சள் என்ன செய்யும்?

பொங்கல் கழிந்தால் ஈரோடு, கோபி, பவானி வட்டாரத்தில் மஞ்சள் வேகும் வாசம் காற்றில் ஏறிவிடும். வேகவைத்து, களத்தில் காயவைத்து, மெருகு போட்டு, விரலி தனியாகவும் கிழங்கு தனியாகவும் பிரித்து ஏலத்துக்கு வரும். 2019-ல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புண்ணை ஆற்றும் மஞ்சளின் குணத்துக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபோது, இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் மறு ஆய்வு கோரி 1997-ல் அதை ரத்து செய்யவைத்தது. மஞ்சள்மேல் நமக்கு இருக்கும் உரிமையும் பெருமையும் நியாயமானவை. அந்தப் பெருமையே மஞ்சளைப் பற்றி உண்மை பேசும் கடமையையும் நமக்குத் தருகிறது.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் அது புற்றுநோய்ச் செல்களை அழிக்கிறது. வயிற்றுக்குள் போனால் நிலைமை வேறு. அது இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது, சேர்ந்ததும் சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. 2017-ல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 120-க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளை அலசிப் பார்த்து, கடுமையான ஒப்பீட்டு முறையில் நடந்தவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் பிறகு வந்தது. அர்மேனியாவில் முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள 150 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. எல்லோருக்கும் பாக்லிடாக்சல்; பாதிப் பேருக்கு அதோடு குர்குமின். குர்குமின் பெற்றவர்களில் 51 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியது. நோய் மறுபடி வளராமலிருந்த காலத்தில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் குர்குமின் பாலில் கலந்து குடித்தது அல்ல. வாரம் ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றியது, அதுவும் கீமோவுடன் சேர்த்து.

சிறிய ஆய்வு தரும் நம்பிக்கை பெரிய ஆய்வில் கரைந்துபோவதும் உண்டு. கரண்டு வைக்கும்போது தோல் வெந்துபோவதைக் குர்குமின் மாத்திரை குறைக்கிறது என்று அமெரிக்காவில் 30 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் சொன்னது. அதே குழு 686 பேரிடம் பார்த்து 2018-ல் வெளியிட்டபோது அந்தப் பலன் தென்படவில்லை.

இனி எச்சரிக்கை. குர்குமினோடு மிளகின் பைப்பரின் சேர்ந்தால் உடம்பில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். கடையில் விற்கும் பல மஞ்சள் மாத்திரைகள் இப்படித்தான் தயாராகின்றன. அதே பைப்பரின் மற்ற மருந்துகளின் கணக்கையும் கலைத்துவிடும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், மார்பகப் புற்றுநோய்க்கான தமோக்சிஃபன் மாத்திரை சாப்பிடும் 16 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், குர்குமின் சேர்த்தபோது தமோக்சிஃபனிலிருந்து உடம்பு உருவாக்கும் முக்கியமான மருந்துப்பொருள் குறைந்தது. மிளகுச் சத்தும் சேர்ந்தபோது 12 சதவீதம் வரை இறங்கியது. ஐந்து, பத்து வருடம் நாள் தவறாமல் சாப்பிடும் மாத்திரையின் வலுவை நாமே குறைத்துக்கொள்ளலாமா? மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்.

ரசத்துக்கும் குழம்புக்கும் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தக் கவலை வேண்டாம். அது உணவு, அந்த அளவில் நன்றாகச் சாப்பிடுங்கள். அடர்த்தியாக்கி மாத்திரையிலும் குப்பியிலும் அடைத்தால் அது மருந்து. மருந்தை மருத்துவருக்குத் தெரியாமல் சாப்பிடக் கூடாது.

எது துணை, எது தொல்லை?

இஞ்சிக்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் கீமோ நாளின் குமட்டல் குறைந்தது. அவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோயாளிகள். வாந்தி மாத்திரையை நிறுத்திவிட்டு இஞ்சி குடிக்கச் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்துதான்.

அமுக்கரா கீமோவின் அசதியைக் குறைப்பதாக மலேசியாவில் 100 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் சொன்னது. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கல் முறையில் பிரிக்காமல் நடந்த சிறிய ஆய்வு அது. அமுக்கராவால் கல்லீரல் பாதிப்பு வந்த செய்திகளும் உண்டு. மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

கரண்டு வைத்த தோலில் எதையும் தானாகப் பூசக் கூடாது. பிரான்சில் 254 பெண்களிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் காலெண்டுலா களிம்பு தோல் புண்ணைக் குறைத்தது. அது ஐரோப்பியப் பூச்செடி. நம் பூ மார்க்கெட்டில் விற்கும் செண்டுமல்லி வேறு செடி, அதை அரைத்துப் பூசாதீர்கள்.

முள்சீத்தாப் பழமும் இலையும் புற்றுநோய்க்கு மருந்து என்று சாலையோரத்தில்கூட விற்கிறார்கள். அதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. அந்தக் குடும்பத்துப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் உட்கொள்ளும் வழக்கமுள்ள கரீபியன் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் தென்படுவதாக 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

பச்சிலைச் சாறும் அருகம்புல் சாறும் சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது வேகாத சாற்றில் இருக்கும் கிருமியே காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும். இஞ்சி, பூண்டு, மஞ்சள் மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். அறுவை சிகிச்சை நாள் குறித்ததுமே அவற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சித்த மருத்துவமும் அளவைத்தான் சொல்கிறது

இதைப் படித்துவிட்டு நாட்டு வைத்தியத்தைப் பழிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்த நல்ல சித்த மருத்துவரும் மருந்தில் சேர்க்க மாட்டார். சலவைத் துணியில் குறி போட்ட அந்தக் கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம் என்று நான்கு கட்டுப்பாடுகளைப் போட்டுத்தான் நம் மரபு நஞ்சை மருந்தாக்கியது. 'இயற்கை, அதனால் தீங்கில்லை' என்பது சித்த மருத்துவத்தின் கருத்தே இல்லை. அது விளம்பரத்தின் பேச்சு.

அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பசியின்மைக்கும் தூக்கமின்மைக்கும் அசதிக்கும் அவர்களிடம் துணை தேடலாம், புற்றுநோய் மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டு. பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கணக்கு சொல்லும் தீர்ப்பு

துணை மருத்துவம் வேறு, மாற்று மருத்துவம் வேறு. சிகிச்சையோடு சேர்த்து எடுப்பது துணை. சிகிச்சையை விட்டுவிட்டு எடுப்பது மாற்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நோய் உடலெங்கும் பரவாத நிலையில் இருந்தும், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரைச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் ஆபத்து ஐந்தரை மடங்குக்கும் மேல். குணமாகக்கூடிய கட்டத்தில் இருந்த பெண்கள் அவர்கள்.

நம் பக்கம் வசதிகள் இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான முறைப்படுத்தப்பட்ட பரிசோதனைத் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண் ஊழியர் கையால் தொட்டுப் பார்த்த பரிசோதனையே, 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது என்று அது காட்டியது. விலை உயர்ந்த கருவி இல்லாமலே, பயிற்சி பெற்ற ஒரு கை இதைச் செய்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது.

30 வயது கடந்த ஒவ்வொரு பெண்ணும் மாதவிலக்கு முடிந்த வாரத்தில், மாதம் ஒருமுறை தன் மார்பைத் தானே தொட்டுப் பார்க்க வேண்டும். வலியில்லாத கட்டி, அக்குளில் கட்டி, உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் இரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போலக் குழிவிழுந்த சருமம், இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதற்குத் தயங்காதீர்கள். எந்த மருந்து உங்களுக்குக் கேட்கும் என்பதை அந்தச் சிறு சதைதான் சொல்லும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'வேற மருந்து எடுக்கறீங்களா' என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருங்கள். திட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மணி, உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை போகும்போது கைப்பையில் இருக்கும் பொடி, லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். 'இதைச் சாப்பிடறேனுங்க, சாப்பிடலாமுங்களா?' என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்வி உங்கள் உயிரைக் காக்கும்.